காணாமல் போன முப்பத்தைந்து குதிரைகள்

நகராட்சி உரக் கிடங்குக்கு ஒரு புரட்டு இயந்திரம் வந்து சேர்ந்தது. ஆள் உயரத்துக்கு நீளநீளமாகக் குவித்துவைத்த குப்பைக்குள் புகுந்து, கத்தி பதித்த உருளையைச் சுழற்றி, அடியில் வேகிறதை மேலே கொண்டுவருவது அதன் வேலை. சொந்தமாக எஞ்சின் கிடையாது. டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில் மாட்டித்தான் ஓட்ட வேண்டும். பக்கவாட்டில் தகடு அடித்திருந்தார்கள்: "குறைந்தது 80 குதிரைத்திறன் தேவை."

கிடங்கில் இருந்தது ஒரே டிராக்டர். அதன் திறன் 45.

இதை முதலில் கவனித்தவள் அந்த டிராக்டரை ஓட்டுகிறவள். எல்லோருக்கும் அவள் டிராக்டர் அக்கா. ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தர ஆணை மேலாளர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது மட்டும் அவளுக்கு வராது.

"சார், இது நம்ம வண்டிக்கு ஆகாது. இழுக்கறது பெரிய விஷயமில்ல. ஈரக் குப்பைக்குள்ள உருளையைச் சுத்தணும், அதுக்குத்தான் பலம் வேணும். மூணடி போறதுக்குள்ள எஞ்சின் படுத்துடும்."

"எவ்வளவு குறையுது?"

"முப்பத்தஞ்சு."

"வண்டி வந்து எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"பதினொரு வருஷமா அதே நாற்பத்தஞ்சுலயா வெச்சிருக்கோம்?" மேலாளருக்கே மனசு கேட்கவில்லை.

மறுநாள் ஆணை வந்தது. "பணிமூப்பையும் அப்பழுக்கற்ற சேவையையும் கருத்தில் கொண்டு, மேற்படி டிராக்டர் 45 குதிரைத்திறனிலிருந்து 80 குதிரைத்திறனுக்கு இதன்மூலம் உயர்த்தப்படுகிறது."

"நான் இன்னும் தற்காலிகம். வண்டிக்குப் பதவி உயர்வா?"

"வண்டி எதிர்த்துப் பேசறதில்லையேம்மா. எண்பதும் பெற்றுக்கொண்டேன்னு பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போடு. இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு."

போட்டாள். வேறென்ன செய்வாள்?

தொடக்க விழாவுக்கு ஆணையர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். ரிப்பன் வெட்டினார். அக்கா உருளையை இறக்கிக் குவியலுக்குள் விட்டாள். மூணடி என்று அவள் சொன்னது தப்பு. இரண்டடியிலேயே வண்டி கரும்புகை கக்கி அடங்கிவிட்டது. கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

ஆணையர் சும்மா இருப்பாரா? அன்றைக்கே வண்டியின் திறனை அளக்கச் சொன்னார். நாற்பத்தைந்துதான் காட்டியது. அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"பதிவேட்டுல எண்பது, வண்டியில நாற்பத்தஞ்சு," என்றார் மேலாளர். "மீதி எங்கம்மா?"

"மீதின்னு ஒண்ணு எப்பவுமே இல்லையே சார்!"

"இல்லாததுக்கா கையெழுத்துப் போட்டே?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க!"

"போடத்தான் சொன்னேன். எடுத்துட்டுப் போகச் சொன்னேனா?"

ஏழு நாட்களுக்குள் 35 குதிரைத்திறனை ஒப்படைக்க வேண்டும், தவறினால் பணிநீக்கம் என்று குறிப்பாணை கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போனால் புருஷன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்கிட்டயாவது உண்மையச் சொல்லு. எங்க வெச்சிருக்கே?"

பக்கத்து வீட்டுத் தையல்காரி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். "ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா முப்பத்தஞ்சு? என் மெஷினுக்கு ஒரு அரைக் குதிரை குடுங்க போதும். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு நாள் தொண்டை கிழிய விளக்கிப் பார்த்தாள். ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் மரியாதை ஏறிக்கொண்டே போனது. ஒழுங்காக வேலை பார்த்த ஆறு வருஷமும் ஏறிட்டுப் பார்க்காத டீக்கடைக்காரர், இப்போது பெஞ்சைத் துடைத்துவிட்டு "உட்காரும்மா" என்றார். மூன்றாம் நாள் விளக்குவதை நிறுத்திவிட்டாள்.

ஏழாம் நாள் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மேலாளர் மேஜையில் வைத்தாள். கூடவே கடிதம்: "30 குதிரைத்திறன் இத்துடன் ஒப்படைக்கப்படுகிறது."

"அஞ்சு குறையுதே?"

"தேய்மானம் சார்."

மேலாளர் தலையாட்டினார். தேய்மானம் விதிகளில் உண்டு. பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்," என்றார். பிறகு ரசீது எழுதிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டது 22.

"எட்டு எங்க சார்?"

"மெதுவாப் பேசும்மா. ஆணையருக்கு அஞ்சு." பேனாவை மூடித் திறந்தார். "எங்க வீட்டுத் தண்ணி மோட்டாரும் ரொம்ப நாளா திணறுது."

அதே பேனாவால் அவளுடைய நிரந்தர ஆணையிலும் கையெழுத்துப் போட்டார். வெளியே குவியல் புரட்டாமலே கிடந்து புகைந்தது.

அன்று சாயங்காலமே தையல்காரிக்கு அரைக் குதிரை கிடைத்தது. "மெஷின் பறக்குதுக்கா!" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். காலையில் கதவைத் திறந்தால் மீதி நாலரைக்கு வாசலில் வரிசை நிற்கிறது.

அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள்.

"விண்ணப்பம் எழுதி எடுத்துட்டு வாங்க," என்றாள். "மூணு நகல்."