சாத்திரியாரின் அறுபத்தைந்து அங்குலக் கண்ணூறு

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் அந்த மாதம் மீனைவிட அதிகமாய்ப் பிடிபட்டது கண்ணூறுதான். பிடித்தவர் கொம்பியூட்டர் சாத்திரியார் ஞானசேகரம். முன்பு கைரேகை பார்த்தவர். கையைப் பார்த்துச் சொன்னால் ஒருவர்தான் நம்புவார், அறுபத்தைந்து அங்குல டிவியைப் பார்த்துச் சொன்னால் ஊரே நம்பும் என்று கண்டுகொண்ட ஞானி.

அந்த டிவியை மொனிட்டராக மடிக்கணினியில் கொழுவிச் சுவரில் மாட்டினார். பக்கத்தில் சாம்பிராணி போட்டார். அவ்வளவுதான். கிண்ணியா, மூதூர், புல்மோட்டை என்று மீன்பிடி வள்ளக்காரர் வந்து குவிந்தார்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்ச்சுக்கும் தனித்தனியாய்ப் போகிற சனம், ஏமாறுவதற்கு மட்டும் ஒன்றாய் வந்தது.

வள்ளம் என்ன நிறமோ, அதில் பெயர் என்ன நிறமோ, அதே நிறங்களில் பெயரைத் திரையில் அடிப்பார். எழுத்தின் ஓரம் கூராய் நின்றால் சுகம். கசிந்து புகைந்தால் யாரோ கண்வைத்த கண்ணூறு. பிறகு மேசையில் கிடக்கும் பட்டுத்துணிக்குள் கையை விட்டு மந்திரம் சொல்வார். எழுத்து பளிச்சென்று தெளியும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஸ்டூடியோவில் வேலை செய்யும் றஜிதாவின் புருஷன் பிரதீபனும் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்தான். ஆனால் அவருடைய வள்ளத்துக்கு மந்திரம் பலிக்கவில்லை. நீல வள்ளம், சிவப்பு எழுத்து, தாயின் பெயர்: ‘அருள்மலர்’. “இது கழிக்க ஏலாத கண்ணூறு, தம்பி. வள்ளத்தைக் கைமாத்திப்போடுங்கோ” என்றுவிட்டார் சாத்திரியார். வாங்க ஆளும் தயார், சாத்திரியாரின் மச்சான். கண்ணூறு பிடித்த வள்ளத்தைக் கண்டு பயப்படாத ஒரே மனிதர்.

பிரதீபனுக்குக் கடலை விட்டால் வேறு தொழில் தெரியாது. வள்ளம் போனால் அடுப்பும் அணையும். அன்று விலை பேசி முடிக்கிற நாள். றஜிதாவும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

அவர்களுக்கு முன்னால் அபூதாஹிரின் வள்ளம். வெள்ளை வள்ளம், கறுப்பு எழுத்து. திரையில் கூராய் நின்றது.

“அபூதாஹிர் காக்கா நல்ல மனுசன், அதுதான்!” என்றது சனம். கரையில் அவரோடு சண்டை பிடிக்காதவர் ஒருவரும் இல்லை. றஜிதா யோசித்தாள். அதுவரை கசிந்ததெல்லாம் நீலத்தில் சிவப்பு அல்லவா?

“ஐயா, குறை நினைக்காதையுங்கோ. ‘அருள்மலரை’ ஒருக்கா வெள்ளையிலை கறுப்பா அடிச்சுக் காட்டுங்கோ.”

“அது முறையில்லை, பிள்ளை.”

“அடிங்களேன் சாத்திரியார், என்ன குறையப்போகுது?” என்றார் அபூதாஹிர்.

அடித்தார். மாமியாரின் பெயர் பளிச்சென்று நின்றது.

“இப்ப காக்காட வள்ளத்தை நீலத்திலை சிவப்பா.”

“என்ட வள்ளத்தை ஏன் புள்ள இழுக்கிறீங்க?” என்று அபூதாஹிர் பதறினார். பெயர் கசிந்தது. அவர் முகமும் கறுத்தது.

“இனி அதே நிறத்திலை உங்கட பேர், ஐயா.”

ஞானசேகரம் என்ற பெயர் மழையில் நனைந்த சுவரொட்டியாய் ஊறி நின்றது. ஆனாலும் சாத்திரியார் லேசுப்பட்ட ஆளா? “பாத்தியளோ! எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டிருந்தால் எனக்கும் படாதோ?” என்றார். “பாவம், ஐயா” என்று இரண்டு பேர் உச்சுக்கொட்டியும் விட்டார்கள்.

இனிப் பேசிப் பயனில்லை என்று றஜிதா எழுந்துபோய்ப் பட்டுத்துணியை இழுத்தாள். உள்ளே தெய்வம் இல்லை. டிவி ரிமோட் இருந்தது.

“நான் வேலை செய்யிற ஸ்டூடியோவிலையும் பெரிய டிவிதான் மொனிட்டர். படம் பாக்கிற செட்டிங்கிலை விட்டா நீலத்திலை சிவப்பெழுத்து இப்பிடித்தான் கசியும். கல்யாண அல்பம் செய்து எனக்குக் கண்ணே நொந்து போச்சு. கொம்பியூட்டர் செட்டிங்குக்கு மாத்தினாத் தெளியும். பாருங்கோ.”

மந்திரம் சொல்லவில்லை. பொத்தானை அமத்தினாள். ஞானசேகரம் தெளிந்தார். திருப்பி அமத்தினாள். ஞானசேகரம் கசிந்தார். வீட்டில் ரிமோட்டுக்காக நாள்தோறும் அடிபடுகிற சனம் வாயைப் பிளந்து நின்றது.

“அப்ப அம்மாவின்ர பேருக்கு ஒண்டுமில்லையோ?” என்று கேட்டார் பிரதீபன்.

“ஒண்டுமில்லை. நாளைக்குக் கடலுக்குப் போங்கோ.” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன றஜிதாவுக்கு.

வாசலில் மச்சானின் மோட்டார் சைக்கிள் புறப்படும் சத்தம் கேட்டது. சாத்திரியாருக்கு அந்த வசதியும் இல்லை. சுற்றிலும் வள்ளக்காரர்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் பணிவாக முன்னே வந்தார். “தங்கச்சி, அந்த ரிமோட்டாலை என்ர மருமகளுக்குப் பிடிச்ச கண்ணூறையும் கழிக்கலாமோ?”

றஜிதா ரிமோட்டை மேசையில் வைத்தாள்.

“ஏலாது, அண்ணை. டிவிக்குத்தான் ரிமோட் இருக்கு. தலைக்கு இல்லை. அதைப் பழைய டிவி மாதிரி அவரவர்தான் எழும்பிப் போய்க் கையாலை திருப்பவேணும்.”