நம்ம வண்டிதானே!

ஸ்டிக்கரின் ஒரு மூலை பெயர்ந்து வந்தது. கூடவே கேரவனின் வெள்ளைப் பெயின்டும் பெயர்ந்து வந்தது.

சூப்பிரண்டு வெண்ணெய்க் கத்தியைப் பார்த்தார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பாதி வழி வந்தாயிற்று, இனி நிறுத்துவதில் அர்த்தமில்லை என்று மிச்சத்தையும் சுரண்டினார். ஆபீஸிலும் அவர் கோப்புகளை இப்படித்தான் முடித்துவைப்பார். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பட்டம் மட்டும் ஓய்வுபெறவில்லை. வீட்டில் மனைவிகூட அவரைச் சூப்பிரண்டு என்றுதான் சொல்வாள், கோபம் வந்தால்.

ஸ்டிக்கரில் 'வாடகைக்கு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே வாடகைக் கம்பெனியின் முத்திரையும் ஃபோன் நம்பரும். மூன்று நாளாக அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டே மானத்தைக் காப்பாற்றி வந்தார். இன்றைக்குக் கடற்கரைக்குப் போகிறார்கள். கடல்காற்றுக்குத் துண்டு நிற்காது.

"என்ன பண்றீங்க சம்பந்தி?"

பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு பின்னால் நின்றிருந்தார். மருமகளின் அப்பா. ஆயுசு முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், தம் வாயைத் திறப்பது அபூர்வம்.

"பழைய ஸ்டிக்கர் சம்பந்தி. வாங்கும்போதே ஒட்டியிருந்தது. சனியன், இன்னைக்குத்தான் நேரம் கெடைச்சுது."

பல் டாக்டர் குனிந்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல அந்தக் கீறலைப் பார்த்தார். "பெயின்ட்டு போயிடுச்சே..."

"போனா போவுது. நம்ம வண்டிதானே!"

சொன்னதும் காதுமடல் சுட்டது. வண்டி நம்முடையதில்லை. ஒரு மாதம் ஊர் ஊராகச் சுற்ற வாடகைக்கு எடுத்தது. வழியில் சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தி, "ஏறுங்க, கொஞ்ச நாள் எங்களோட வாங்க" என்று கூப்பிட்டபோது, பல் டாக்டர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, "இது உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?" என்றார். கேட்ட தொனியில் ஏதோ சந்தேகம் இருப்பதாகச் சூப்பிரண்டுக்குப் பட்டது. பையனைப் பெற்றவர், பெண்ணைப் பெற்றவரிடம் போய் 'வாடகை' என்று சொல்வதா?

"கெடைச்சுதாவா? வாங்கினேன் சம்பந்தி! ரிட்டயர் ஆனதும் மொத வேலையே இதான்."

பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நல்ல வண்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்றிலிருந்து சூப்பிரண்டின் மனைவி அவரோடு சரியாகப் பேசவில்லை. இப்போது சமையல் மேடைப் பக்கம் இழுத்துக் கிசுகிசுத்தாள். "உண்மைய சொல்லிடுங்க. எனக்கு அவங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு."

"இத்தனை நாள் கழிச்சு சொன்னா இன்னும் அசிங்கம்டி. நீ வாயை மூடிட்டு இரு, ஊர் திரும்பினதும் வித்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

கடலோரச் சாலை மலைச்சரிவில் வளைந்து வளைந்து போனது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே நீலமாகக் கடல். சம்பந்தியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூப்போட்ட திரைச்சீலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"கையால தைச்சது மாதிரி இருக்குல்ல?" என்றாள் மெதுவாக.

விலை மதிப்பிடுகிறாள் என்று சூப்பிரண்டுக்குத் தோன்றியது. சொந்தக்காரன் என்றால் ஒரு அலட்சியம் வேண்டாமா? "அது பழைய கந்தல்மா. மாத்தணும்னு நெனைச்சுட்டே இருக்கேன்" என்றவர், கண்ணாடியில் கடல் உப்பு படிந்திருக்கவே வண்டியை ஓரங்கட்டி, திரைச்சீலையை ஒரே இழுப்பில் கழற்றி, முன்கண்ணாடியை அழுத்தித் துடைத்தார்.

சம்பந்தியம்மாளின் கண் கலங்கியது.

"கடல்காத்து ஒத்துக்காது போல" என்றார் சூப்பிரண்டு.

"ஆமா, அவளுக்கு ஒத்துக்காது" என்றார் பல் டாக்டர்.

சாலை முடிகிற இடத்தில் மேட்டின்மேல் வண்டிகள் நிறுத்தும் திடல். அங்கிருந்து மணலுக்கு ஒரு சரிவு இறங்கியது. கனரக வண்டிகள் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.

"இங்கயே நிறுத்திடலாம் சம்பந்தி" என்றார் பல் டாக்டர். மூன்று நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அடுத்து வந்தது. "வெயிட்டான வண்டி. பின் சக்கரம் சட்டுனு பொதைஞ்சிடும். தயவுசெஞ்சு வேணாம்."

இந்தத் 'தயவுசெஞ்சு'தான் சூப்பிரண்டைக் கெடுத்தது. நமக்கு ஓட்டத் தெரியாதாமா?

"நம்ம வண்டிதானே! நான் சொன்ன பேச்சைக் கேக்கும்."

கேட்டது. அலைக்குப் பக்கத்தில், மிக அழகான இடத்தில், பின் சக்கரம் இரண்டும் புதைய நின்றது.

சிக்கியதாகக் காட்டிக்கொள்ளாமல் சூப்பிரண்டு கீழே குதித்தார். "இங்கதான் நிறுத்தணும்னு நெனைச்சேன்." வண்டியின் பக்கவாட்டில் சுருட்டியிருந்த நிழல்துணியை இழுத்து விரித்தார். காற்று அதை வாங்கிக்கொண்டது. படபடவென்று நாலு முறை அடித்து, கிழித்து, பாதியைப் பாறைப் பக்கம் அனுப்பிவைத்தது.

பல் டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நெஞ்சு வலியா சம்பந்தி?"

"இல்ல. பாத்துட்டிருக்கேன். அவ்ளோதான்."

அலை சக்கரத்தை நக்க ஆரம்பித்தது. சூப்பிரண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, வண்டி உட்கார இடம் பிடிப்பதுபோல இன்னும் கீழே போனது. சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தால் ஏறிவிடும் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்தது. பலகைக்கு எங்கே போவது? உள்ளே ஓடி, துணி அலமாரியின் கதவைத் திருகிக் கழற்றினார்.

"ஐயோ, அது தேக்கு!" சம்பந்தியம்மாள் கத்தியேவிட்டாள்.

"இருக்கட்டும்மா. நம்ம..."

வாக்கியத்தை முடிக்க அவருக்கே கூச்சமாக இருந்தது. கதவைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, வண்டியைக் கிளப்பினார். முறுக்கு கடித்த மாதிரி ஒரு சத்தம். கதவு இரண்டாகப் பிளந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. உள்ளேயிருந்த பாத்திரமெல்லாம் ஒருமுறை கைதட்டி ஓய்ந்தன.

கடல் மட்டும் தன் பாட்டுக்கு அழகாக இருந்தது.

மனைவி வந்து காதில் சொன்னாள். "கம்பெனிக்கு ஃபோன் பண்ணுங்க."

"நம்பர்?"

"ஸ்டிக்கர்ல இருக்குமே."

அவள் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தன்னைத் திட்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை என்று சூப்பிரண்டுக்கு உறைத்தது. திட்டியிருந்தால் தேவலை.

"நான் வேணா ஒரு எடத்துக்குச் சொல்லட்டுமா சம்பந்தி?" பல் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இழுத்துட்டுப் போற வண்டி வெச்சிருக்காங்க. தெரிஞ்சவங்கதான்."

"சொல்லுங்க" என்றார் சூப்பிரண்டு. குரலில் சூப்பிரண்டு இல்லை.

பல் டாக்டர் தள்ளிப் போய்த் தணிந்த குரலில் பேசிவிட்டு வந்தார். "வந்துடுவாங்க. கவலைப்படாதீங்க" என்று தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அந்த அன்பு, அறைந்ததைவிட வலித்தது. இவ்வளவு நல்ல மனிதரிடம் போய்ப் பொய்யா? சொல்லிவிடலாம் என்று தலையை நிமிர்த்தினார். 'சம்பந்தி' என்று தொடங்கினார். தண்ணீரைக் குடித்தார்.

சரிவின் மேலே இழுவை வண்டி தெரிந்தது. அதன் நெற்றியில், காலையில் அவர் சுரண்டிய அதே கம்பெனியின் முத்திரை.

விழுந்தடித்து மணலில் ஓடினார். டிரைவர் இறங்குவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு கும்பிடாத குறையாகப் பேசினார்.

"தம்பி, ஒரு உதவி. இது வாடகை வண்டின்னு மட்டும் வாய் திறந்துடாதீங்க. என் சொந்த வண்டின்னு சொல்லிட்டேன். என் மானமே உங்க கையிலதான் இருக்கு. ஆன சேதத்துக்கெல்லாம் நானே பொறுப்பு."

"யாருகிட்ட சார் சொன்னீங்க?"

சூப்பிரண்டு தலையைக் குனிந்துகொண்டே விரலை மட்டும் பின்னால் நீட்டினார். அங்கே பல் டாக்டர், பிளந்த கதவின் இரண்டு துண்டையும் சேர்த்துச் சேர்த்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சம்பந்தி. வண்டியில ஆசையா சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

டிரைவர் எட்டிப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"அட கடவுளே! எங்க கம்பெனிக்கு இந்த வண்டிய வாடகைக்கு விட்டிருக்கிறதே அவருதான், அவரு வண்டியையா சார் அவருக்கே சுத்திக் காட்டினீங்க?"