டை அண்ணனின் சிலுவார்

மலாக்கா மாநிலத்திலேயே குளிக்கும்போது மட்டும் டையைக் கழற்றுகிற ஒரே மனிதர் எங்கள் டை அண்ணன்தான். அதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை, ஒரு நம்பிக்கையில் சொல்கிறேன்.

செங் தொழிற்பேட்டையில் எங்களுடையது லாரி கம்பெனி. டை அண்ணன் அங்கே கணக்கர். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத சிலுவார் என்கிற நீளக் கால்சட்டை, காலில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் சப்பாத்து, கழுத்தில் டை. வியாழக்கிழமை ஊரே பூ வேலைப்பாட்டுப் பாத்தேக் சட்டை போடுமே, அன்றைக்கு அந்தப் பாத்தேக்கின் மேலும் டை! கோலா சுங்கை பாருவுக்கு ஆபீஸ் பிக்னிக் போனபோது சிலுவாரை மடித்துவிட்டுக் கடலில் நின்றார். டையை மட்டும் நனையாமல் தோளில் போட்டிருந்தார்.

கோவிட் காலத்தில் எல்லாருக்கும் வீட்டிலிருந்தே ஆன்லைன் மீட்டிங். மேலே சட்டை, கீழே கைலி. ஒருநாள் வாசல் மணி அடிக்க, நான் மறந்துபோய் எழுந்துவிட்டேன். மானம் கப்பலேறியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், டை அண்ணனைத் தவிர.

"பாதி உடுப்பு ஒரு உடுப்பாப்பா? பாதி உடுத்துனவன் பாதி ஆளுதான்" என்றவர், எழுந்து நின்று தன் சப்பாத்தையும் காட்டினார். வீட்டுக்குள்ளே சப்பாத்து!

பழைய முதலாளி ஓய்வுபெற, அவர் மகன் ரவீன் வந்தான், வினையும் கூடவே வந்தது. பூப்போட்ட அரைக்கால் சட்டையிலேயே ஆபீசுக்கு வருகிறவன் அவன்.

"அண்ணே, இப்பல்லாம் கேஷுவல்தான்லா. உங்களப் பார்த்தா, லாரிய இழுத்துட்டுப் போக பேங்க்காரன் வந்துட்டான்னு டிரைவருங்க ஓடுறானுங்க. திங்கக்கிழமையிலருந்து கம்பெனி டி-ஷர்ட். முடியாதுன்னா வராதீங்க."

டை அண்ணனின் முகம் சுண்டிப்போனது. "தம்பி, டை இல்லன்னா எனக்குக் கணக்கே ஓடாது" என்றார். ரவீன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் லாரி பெர்மிட் புதுப்பிக்கக் கடைசி நாள். கையெழுத்துப் போட ரவீன், காகிதங்களோடு டை அண்ணன், கார் ஓட்ட நான். அரசாங்க அலுவலகத்தில் கவுண்டர் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. வாசல் காவலர் ரவீனின் முழங்காலைப் பார்த்தார்.

"சிலுவார் பெண்டேக் தா போலே, என்சிக்."

அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி, நம் முதலாளிக்கு மறந்துவிட்டது.

"செத்தேன்! நாளைக்கு ஒரு லாரிகூட வெளிய போவாதே!" ரவீன் தலையில் கைவைத்தான்.

"கார்ல ஏறுங்க தம்பி" என்றார் டை அண்ணன்.

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கார் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு டை அண்ணனின் சிலுவாரிலும் சப்பாத்திலும் ரவீன் காகிதங்களோடு இறங்கி ஓடினான். சிலுவார் அவனுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றது. காரில் டை அண்ணன், மேலே முழுக்கைச் சட்டையும் டையும், கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டை.

"என்னப்பா பார்க்குற? கண்ணாடிய ஏத்து!"

அந்தப் பக்கம் வந்த வேறொரு காவலர், பாதி ஏறிய கண்ணாடிக்கு மேலே டையைப் பார்த்து யாரோ பெரிய அதிகாரி என்று சல்யூட் அடித்தார். அண்ணனும் கம்பீரமாகத் தலையசைத்தார்.

பெர்மிட்டோடு திரும்பிய ரவீனுக்கு முகத்தில் உயிர் வந்திருந்தது. "அண்ணே, திங்கக்கிழம டையோடயே வாங்க."

"வர்றேன். மொதல்ல என் சிலுவாரக் கழட்டுங்க."

பாதி உடுத்தினவன் பாதி ஆள்தான் என்று சொன்ன மனிதர். அன்று அந்தக் காரில் பாதி உடுப்போடு உட்கார்ந்திருந்த அவரைப் போல ஒரு முழு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.