இடியப்ப மாவில் அமுங்கிய கிரேக்கக் காசு

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். இரண்டாயிரத்து நானூறு, ஐந்நூறு வயதான கிரேக்க வெள்ளிக் காசு ஒன்றை இடியப்ப மாவுக்குள் வைத்து அமத்தியவன் நான். சுயநினைவோடுதான் செய்தேன். குடித்திருக்கவில்லை. (குடித்திருந்தால் சொல்ல ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடம். அந்த நகரத்தின் சீசா என்ற பகுதியில், லிப்ட் வேலை செய்யாத கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் குடியிருந்தோம். மனைவி றெஜினா கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று கூப்பிட வேண்டிய ஒரு சீமாட்டியின் வீட்டில் வேலை செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் துணையாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கிரேக்கமும் படிப்பித்தவர். தெருவே அவரைப் புரொபசோரே என்றுதான் கூப்பிட்டது. சமைப்பது, மருந்து கொடுப்பது, பின்னேரங்களில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது, இவைதான் என் வேலை. காசுக்கு அச்செடுப்பது ஒப்பந்தத்தில் இல்லை.

அவரிடம் தகப்பன் வழியாக வந்த வெள்ளிக் காசு ஒன்று இருந்தது. அதில் மெத்தபொந்தோ என்ற பழைய கிரேக்க நகரத்தின் அடையாளமான ஒரு வாற்கோதுமைக் கதிர். அந்தக் காலத்தில் ஒரு நகரத்தார் இன்னொரு நகரத்தின் காசை எடுத்து, சூடாக்கி, தங்கள் அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போடுவார்களாம். மேலே புதுப் படம் விழும். பழைய படம் முழுதாக அழியாமல் அங்குமிங்கும் அடியில் எட்டிப் பார்க்கும். இந்தக் காசும் அந்த வகை. கதிருக்கு அடியில் இருப்பது நண்டு என்பது புரொபசோரேயின் கட்சி. இல்லை, அது ஒரு இலை என்பது அவருடைய பால்ய நண்பரின் கட்சி. நண்பர் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். அவரைத் தொத்தோரே என்போம். இந்த வழக்கு ஞாயிறு தோறும் மத்தியானச் சாப்பாட்டோடு முப்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடமும் காசைக் காட்டி, நண்டு தெரிகிறதா என்று கேட்டார். நான் ஊர்காவற்றுறைக்காரன், கடலோரத்தில் பிறந்தவன். நண்டை எந்தக் கோலத்தில் கண்டாலும் அடையாளம் சொல்வேன். காசில் எனக்குத் தெரிந்தது ஒரு சிராய்ப்பு மட்டும். வடிவாகத் தெரிகிறது என்று சொன்னேன். (வேலை தருகிறவருடைய நண்டு. தெரியாமல் போகுமா?)

ஒரு யூலை மாதத்துச் சனிக்கிழமை புரொபசோரே ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளியின் மினுக்கத்தில் கண் கூசுகிறது, காசை மெதுவான எதிலாவது அமத்தி அச்செடுத்தால் அடிப்படம் துலக்கமாகத் தெரியும், அதைத் தொத்தோரேயின் மூக்குக்கு முன்னால் நீட்டி வழக்கை முடித்துவிடலாம் என்றார். அவருக்குக் கை நடுக்கம். ஆகவே பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்ரிசின் களிப் பெட்டி ஒன்றை என்னிடம் தந்து, அச்செடுத்துப் பழக்கம் உண்டா என்று கேட்டார். நிறைய எடுத்திருக்கிறேன் என்றேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

பிளாஸ்ரிசின் கொஞ்சம் இளகட்டும் என்று அவர் வீட்டுப் பல்கனியில் வைத்தேன். பலெர்மோ வெயில் கொஞ்சத்தோடு நிற்பதில்லை. பிறகு போய்ப் பார்க்க, அது பெட்டியை விட்டு வெளியேறி, தரை ஓடுகளின் இடுக்குகளில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. (பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைக் கேட்காமல் இந்த ஊரில் குடியேற முடிந்தது அதற்கு மட்டும்தான்.)

பெர்மெஸ்ஸோ என்றதும் சொல்ல வேண்டும். அடுத்த வியாழக்கிழமை என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் புரொபசோரே கையெழுத்திட்ட வேலைக் கடிதம் வேண்டும். கடிதம் அவர் மேசையில், கையெழுத்து இல்லாமல் கிடந்தது. இந்த வாரம் மட்டும் அவரை மனம் கோணச் செய்துவிடாதே என்று றெஜினா காலையும் மாலையும் செபம் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை அடுப்பில் நண்டுக் குழம்பு. தொத்தோரேக்கு எங்கள் குழம்பென்றால் உயிர். பல்லரோ சந்தையில் வாங்கிய நண்டுகளை வெட்டுப்பலகையில் வைத்து உடைத்துக் குழம்பில் போட்டுவிட்டு, அதே பலகையில் இடியப்பத்துக்கு மா குழைத்தேன். சுடுதண்ணீர் விட்டுக் குழைத்த மா கைக்கு இதமாக, மெதுவாக இருந்தது. அதைப் பார்த்தேன். காசைப் பார்த்தேன். பிறகு நடந்ததைத்தான் முதல் பந்தியில் சொல்லிவிட்டேனே.

காசை மெல்லக் கிளப்பினேன். கதிர் மணி மணியாக விழுந்திருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அப்போதுதான் கதிரின் பக்கத்தில் அதைக் கண்டேன். மூன்று கணு, முனையில் ஒரு கூர். நண்டுக் கால். காசின் நண்டல்ல, குழம்பு நண்டு. பலகையில் கிடந்த துண்டு மாவோடு சேர்ந்திருக்கிறது. பிடுங்கி எறிய விரலைக் கொண்டு போனேன். முப்பது வருட வழக்கு, மேசையில் கிடக்கும் கடிதம், வியாழக்கிழமை எல்லாம் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தன. விரலைத் திருப்பி எடுத்துவிட்டேன்.

புரொபசோரே பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அந்தோனியோ, உமக்குத் தெரியுதோ? கால். நண்டின்ரை கால்."

(அவர் பேசியது இத்தாலியன். எனக்கு எல்லாம் எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.)

"ஓம், புரொபசோரே. நண்டுக் கால்தான்" என்றேன். அன்று முழுவதும் நான் பேசிய ஒரே உண்மை அது.

தொத்தோரே வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். முப்பது வருடம் பிழையாகக் கதைத்துவிட்டேன் என்று புரொபசோரேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் குழம்பைக் கிண்டுகிற சாக்கில் சுவரைப் பார்த்து நின்றேன்.

அதோடு சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். தொத்தோரே இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டார். பார்த்தவரின் நெற்றி சுருங்கியது.

"நாப்பது வருசம் பல்லுக்கு அச்செடுத்தவன் நான். காசிலை மேடாய் இருக்கிறது அச்சிலை பள்ளமாய் விழவேணும். கதிர் சரியாய்ப் பள்ளமாய்க் கிடக்குது. இந்தக் கால் மட்டும் ஏன் எழும்பி நிக்குது?"

அவர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பல்லுக்குத்தியை எடுத்து, கடைவாயில் சிக்கிய இறைச்சியை எடுப்பது போல, இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துச் சாட்சியை ஒரே நெம்பில் வெளியே எடுத்துக் கோப்பித் தட்டில் வைத்தார். அது சின்னதாக, சிவப்பாக, ஈரமாகக் கிடந்தது.

"இது இருந்தது உமக்குத் தெரியுமோ?" என்று புரொபசோரே கேட்டார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "தெரியும். காசிலை ஒருநாளும் எனக்கு நண்டு தெரிஞ்சதில்லை. நீங்கள் சந்தோசப்பட்டியள், அதாலை சொல்லேல்லை."

அவர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு சாப்பாட்டைப் போடச் சொன்னார். இடியப்பம் இல்லை, அந்த மாவை யாரும் தொட விரும்பவில்லை. பாணோடு சாப்பிட்டார்கள். றெஜினாவிடம் எப்படிச் சொல்வது, எந்தப் பெட்டியில் எதை அடுக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தொத்தோரே மூன்றாம் தரம் குழம்பு கேட்டபோது, புரொபசோரே கடிதத்தை எடுத்துவரச் சொன்னார். கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். குழம்புக் கையாலேயே கையெழுத்துப் போட்டார். இவனை அனுப்பிவிட்டால் இந்த மனிசன் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரமாட்டான் என்று தொத்தோரேயைக் காட்டினார். தொத்தோரே வாயில் நண்டோடு, அது இலைதான் என்றார். வழக்கு மறுபடி ஆரம்பமாகியது. எனக்கு அடுப்படிக்குள் போய் அழ வேண்டும் போல இருந்தது. போய் அழுதேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை குவெஸ்தூராவில் இருந்த பெண் கடிதத்தின் மஞ்சள் விரலடையாளத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, புரொபசோரேயின் கண்ணாடி அலுமாரியைத் தூசு தட்டும்போது அந்த மாத்துண்டைக் கண்டேன். கல்லாகக் காய்ந்து, காசுக்குப் பக்கத்தில் பஞ்சின் மேல் இருந்தது. கீழே அவருடைய நடுங்கும் எழுத்தில் ஒரு சீட்டு. காசு சேர்க்கிறவர்கள் மேலே அடித்த ஊரையும் அடியில் கிடக்கும் ஊரையும் எழுதுவது வழக்கம். அவர் எழுதியிருந்தார்: "மேலே: மெத்தபொந்தோ. அடியில்: பல்லரோ."

அதை வீட்டில் சொன்னது என் இரண்டாவது பிழை. அன்றிலிருந்து எங்கள் குளிர்ப்பெட்டியில் சீட்டில்லாத சட்டி கிடையாது. "மேலே: இன்றைய பருப்பு. அடியில்: வெள்ளிக்கிழமைப் பருப்பு." அப்போது பிறந்தே இராத மகள்தான் இப்போது எழுத்தர். போன மாதம் நான் முதல் முறையாகத் தலைக்கு டை அடித்துக்கொண்டு குளியலறைக்கு வெளியே வந்தேன். கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "அப்பா. மேலே: முப்பது. அடியில்: நாற்பத்தெட்டு."

றெஜினா வந்து அதை வாசித்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடியிலை எண்டு ஏன் பிள்ளை எழுதினனீ?" என்று மகளிடம் கேட்டாள். "மேலையே வடிவாய்த் தெரியுது."