சவுனாவுக்குப் போன லைலாக்

அக்காவின் ஒரே மகளும், ஹெல்சிங்கி மாநகரத்தின் வெளிச்சமும், ஈலிஸ் என்கிற அதிர்ஷ்டசாலியை வருகிற நடுக்கோடைத் திருநாளில் மணக்கவிருப்பவளுமாகிய பிரிதாவுக்கு,

துருவத்துக்கு அரை முழம் தெற்கே, தோட்டங்களின் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் தாவெட்டி எழுதுவது. இங்கே நானும் கொசுக்களும் சௌக்கியம். கொசுக்கள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம்.

என் தோட்டத்தின் பெருமை நீ அறிந்ததே. குளிர்காலத்தில் இங்கே மூச்சு விட்டால் அது கட்டியாகி விழும். வாரிப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். அப்படிப்பட்ட மண்ணில், நகரத்தார் தொட்டிலில் போட்டுத் தாலாட்டும் பியோனிச் செடி பனிக்கடியிலிருந்து சிவந்த மூக்கை நீட்டி "காப்பி ஆச்சா?" என்று கேட்கிறது. பெர்ஜீனியாச் செடியின் மேல் ஒருமுறை என் பனிவண்டி ஏறிவிட்டது. பட்டறைக்குப் போனது வண்டிதான். இத்தனை வீரர்களுக்கும் தலைவன், வேலியோரம் உன் அம்மா நட்ட லைலாக் பூமரம். அக்கா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்: "தம்பி, பிரிதா கல்யாணத்தன்னைக்கு அது பூத்திருக்கணும், பாத்துக்க." நீயும் போனில், "அதுக்குக் கீழதான் மாமா ஜெபம், மோதிரம், எல்லாம். வேற எங்கயும் நிக்க மாட்டேன்" என்றாய். "பூக்கலேன்னா என் மீசைய எடுத்துடறேன்" என்று நான் சபதம் போட்டேன். வினை அங்கே ஆரம்பித்தது.

இந்த வருஷம் மே மாதத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. ஒரே வெயில். லைலாக்கின் மொட்டுகள் கண்ணெதிரே பருத்தன. இப்படியே போனால் கல்யாணத்துக்கு வெகு முன்பே பூத்து, உதிர்ந்து, ஓய்வுபெற்றுவிடும். பக்கத்து வீட்டுச் சில்வி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"தாவெட்டி, உன் மரத்துக்கு ரொம்ப அவசரம் போலயே. அன்னைக்குப் பொண்ணு வெறும் குச்சிக்குக் கீழதான் நிக்கணும். பேசாம என் முற்றத்துல வச்சுக்கச் சொல்லு."

"உன் முற்றத்துல கால் வைக்கிறதுக்குப் பதிலா நான் ஸ்வீடனுக்கு நீந்தியே போயிடுவேன்!"

நேரே பனிச்சறுக்குக் கழகத்து வோய்ட்டோவிடம் போனேன். இலையுதிர் காலத்துச் சறுக்குப் பாதைக்காக ஒரு மலையளவு பனியை உருகாமல் மரத்தூள் போட்டு மூடி வைத்திருக்கிறானே, அதைக் கேட்டேன். லைலாக்கின் காலடியில் பனி இருந்தால் அது குளிர்காலம் என்று நம்பித் தூங்கும். கல்யாணம் நெருங்கும்போது எழுப்பிக்கொள்ளலாம்.

"அண்ணே, அது பந்தயத்துக்கு வச்ச பனி."

"பிரிதா கல்யாணம்டா."

"அத முதல்ல சொல்ல வேண்டாமா! எவ்வளவு வேணும்?"

"ஒரு சிட்டிகை."

வோய்ட்டோவின் ஊரில் சிட்டிகையை டிராக்டரில்தான் அளப்பார்கள் போலிருக்கிறது. கொட்டினான், கொட்டினான், வேலி மறைந்தது, சில்வி வீடு மறைந்தது, சூரியன் சுற்றுவழியில் போகத் தொடங்கியது. லைலாக் தூங்கியது. நான் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் வந்தது. ஊரிலுள்ள லைலாக்குகள் எல்லாம் நிறம் கட்டின, நம்முடையது மட்டும் கொட்டாவிகூட விடவில்லை. தட்டினேன், கெஞ்சினேன், உன் போட்டோவைக் காட்டினேன், ம்ஹும். முற்றத்தில் பூத்து நின்ற ஒரே செடி எது தெரியுமா? வாசல் வழியின் இருபுறமும் சிவப்பாகத் தொங்கும் அந்த 'உடைந்த இதயம்'. மாப்பிள்ளை அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். பெயரைக் கேட்டுத் திரும்பி ஓடினால் நான் பொறுப்பல்ல.

பிறகுதான் பொறி தட்டியது. நம்மில் ஒருவன் விறைத்துப்போனால் என்ன செய்கிறோம்? சவுனா, நீராவிக் குளியல்! அடுப்பை மூட்டினேன், கல்லெல்லாம் பழுக்கக் காய்ந்ததும் இரும்பு வாளியில் அள்ளி மரத்தடியில் அடுக்கி, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்தது பார், மேலே பறந்த கொக்கு ஒன்று வியர்த்துவிட்டது. முறைப்படி இடுப்பில் துண்டோடு நின்று, பிர்ச் இலைக் கொத்தால் கிளைகளை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தபோது உன் கல்யாணத்தை நடத்தி வைக்கப்போகும் பாதிரியார் சைக்கிளில் வந்தார்.

"தாவெட்டி, மரத்த ஏன் அடிக்கிறீங்க?"

"அடிக்கலைங்க ஐயா, குளிப்பாட்டறேன்."

"ஓ, சவுனாவா? மன்னிச்சுக்குங்க, அது கோயில் மாதிரி, பேசியிருக்கக் கூடாது" என்று தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றுவிட்டுப் போனார். மனுஷன்!

மரம் அசையவில்லை. ஆவி முழுவதையும் குடித்தது பக்கத்தில் இருந்த ருபார்ப் செடி. நேற்றைய மழைக்கு அதன் ஒற்றை இலைக்கடியில் நானும், வோய்ட்டோவும், டிராக்டரும் ஒதுங்கினோம்.

ஆகையால் பிரிதா, அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அதை எழுத எனக்கு எழுத்து வரவில்லை. கல்யாணத்தை ஜூலைக்குத் தள்ளிப் போடு. இல்லையென்றால் ருபார்ப்புக்குக் கீழே நில். சில்வி முற்றம் என்ற பேச்சை மட்டும் எடுக்காதே. அவளுடைய உதவி எனக்கு இந்த ஜென்மத்தில் வேண்டாம்.

உன் பனிமண்வெட்டி உடையாதிருக்க, உன் செடிகளை முயல் தீண்டாதிருக்க, குருவிகளுக்கு முன்னால் உன் கை பழங்களை எட்ட என் ஆசீர்வாதம். ஈலிஸுக்கு என் மரியாதை.

மீசையோடு கடைசியாகக் கையெழுத்திடும்,
உன் மாமன் தாவெட்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. உறையை ஒட்டப் போகும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். சவுனா ஆவியில் உள்ளே கரைந்திருந்த பனிமலை சரிந்துவிட்டது. பின்னால் வேலி. வேலிக்கு அப்பால், சில்வி வீட்டு வெயில் சுவரில் சாய்ந்திருந்த நம் லைலாக்கின் பாதி, கொத்துக் கொத்தாக விரிந்துகொண்டிருக்கிறது! அடியில் சில்வி காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நேத்துதான் ஆரம்பிச்சுது. சனிக்கிழமை கல்யாணத்துக்குச் சரியா இருக்கும்."

"ஏன்டி சொல்லல?"

"நீ மலைக்கு அந்தப் பக்கம் துண்டக் கட்டிக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தே. கலைக்க மனசு வரல."

அவள் முற்றத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன சொல் சொன்னதுதான். அதனால் வேலியைப் பிடுங்கிவிட்டேன். மறுமுனையை அவள் பிடித்தாள். நடுக்கோடைத் திருநாளில் மூட்டும் தீக்கு நல்ல விறகு. இப்போது எது யார் முற்றம் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாணம் சனிக்கிழமையே, அம்மாவின் பூவுக்குக் கீழேயே.

பாதி மரம்தானே பூத்தது, சபதம் சபதம்தான் என்று சில்வி கத்தரிக்கோலோடு வந்து நீதி வழங்கிவிட்டாள். ஆகவே போட்டோக்காரரிடம் சொல்லி வை: மாமாவை இடது பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கட்டும்.