பலாப்பழத்துக்கு ஸ்கேன் எடுத்த சார்

பலாப்பழத்தைப் பார்த்து, "கொஞ்ச நேரம் அசையாம இருங்க" என்று மரியாதையாகச் சொன்ன விஞ்ஞானி உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம் நான் வேலை பார்த்தேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஜவ்வாது மலைக்கு அவர் பலா சார், அவ்வளவுதான்.

எங்கள் பல்கலைக்கழகத்துக் கதிரியல் துறை ஆராய்ச்சிக்கூடத்தில், தலையை மட்டும் உள்ளே விட்டுப் படம் எடுக்கிற சின்ன எம்.ஆர்.ஐ. மிஷின் ஒன்றைச் செய்திருந்தார்கள். மலையில் இது ஒழுங்காக ஓடுமா என்று பார்க்க ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ஆராய்ச்சிக்குப் பலா சார், மிஷினை இயக்க போளூர்க்காரியான நான்.

சாருக்கு இதில் பெரிய ஆசை இருந்தது. தேன் எடுக்கப் போய் மரத்திலிருந்து விழுகிற ஆளை, தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கவே வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மிஷின் மேலேயே இருந்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் முதலில் நல்லபடியாக இருக்கிற ஊர்க்காரர்கள் சில பேர் வந்து படுத்து, படம் தெளிவாக விழுகிறது என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் கீழே போய்விடும். இரண்டு மாதம் ஒரு ஈ, காக்காய் வரவில்லை. தலையை உள்ளே விட்டால் நினைப்பெல்லாம் அழிந்துபோகும், பெண்டாட்டி பெயர்கூட மறந்துபோகும் என்று ஊரில் பேச்சு. சில ஆண்கள் அதைக் கேட்டு ஆர்வமாகத்தான் இருந்தார்கள், வீட்டில் விடவில்லை.

பழம் உள்ளே வந்த கதை இது. தினமும் காலையில் மிஷினைச் சோதிக்க, திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை ஒன்றைப் படம் எடுப்பது வழக்கம். மலையேறுகிற குலுக்கலில் அந்த உருண்டை விரிசல் விட்டு ஒழுகிவிட்டது. புதியது கேட்டோம். வருகிறது, வருகிறது என்றார்கள். சார் சந்தைக்குப் போய், ஒரு மனுஷத் தலை அளவில் பிஞ்சும் பழமும் இல்லாத பலா ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தார். போர்வை விரித்து, கீழே தலையணை வைத்துப் படுக்கவைத்தார்.

"சார், அதுக்கு எதுக்குத் தலையணை?"

"நாளைக்கு ஆளு வந்தா இப்படித்தானே வைப்போம்? பழக்கம் வரணும்மா."

படத்தில் சுளையும் கொட்டையும் தனித்தனியாகத் தெரிந்தன. அங்கேதான் வினை பிடித்தது. பலா வாங்க வந்த வாணியம்பாடி பாய் ஒருவர் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது! அறுக்காமலே உள்ள கீறது தெரியுதே! நம்ம பழத்தையும் கொஞ்சம் பாத்து சொல்லுங்க சார்."

சார் பார்த்தார். "சக்கை ஜாஸ்தி பாய், வேணாம்" என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பழத்தை விற்ற குப்பம்மாக்கா அரைமணி நேரத்தில் வாசலில் நின்றாள். இடுப்பில் இன்னொரு பழம்.

"யோவ் சாரு, எம் பழத்த சக்கன்னியாமே? இத்த வச்சிப் பாத்து சொல்லு. தப்பா சொன்னியோ, நடக்கிறதே வேற!"

அதில் சுளை அடைத்துக்கொண்டிருந்தது. அதையும் சார் சொன்னார். அடுத்த வாரமே எங்கள் வாசல் சந்தையாகிவிட்டது. தலையைவிடப் பெரிய பழம் உள்ளே போகாது என்று நான் சொன்னால், "கொஞ்சம் அமுக்கித் தள்ளு கண்ணு" என்றார்கள்.

பலா சீசன் ஓய்ந்ததும் சார் சீத்தாப்பழத்துக்கு மாறினார். படங்கள் தானாகவே கீழே துறைக்குப் போய்விடும். ஒரு நாள் முதல் தடவையாக அவற்றைத் திறந்து பார்த்த துறைத்தலைவி மேடம் பதறிப்போய்க் கூப்பிட்டார். சார் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார் இது, தலை முழுக்க கட்டி கட்டியா இருக்கே! பேஷண்ட் எப்படி நடந்து வந்தார்?"

"நடக்கலீங்க மேடம். கூடையில கொண்டாந்தோம்."

"ஐயோ! பேச்சு இருக்கா?"

"இல்லீங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"நேத்து சாயங்காலமே சாப்ட்டுட்டோம் மேடம். நல்ல இனிப்பு."

மறுவாரம் மேடம் நேரில் வந்தார், மிஷினைக் கீழே கொண்டுபோகிற வண்டியோடு. வாசலில் பூசணி, பப்பாளி, தேனடை என்று வரிசை கட்டி நின்றது ஊர்.

"இந்த ஊர்ல ஒரே ஒரு மனுஷத் தலைகூடவா கிடைக்கல உங்களுக்கு?" என்று மேடம் கத்தினார். சார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததே இல்லை. எனக்கு மேடத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பது அதைவிட ஆத்திரம்.

அப்போது வரிசையிலிருந்து குப்பம்மாக்கா பூசணியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நானு படுக்கறேம்மா. பலாக் காலத்துல உள்ள போய்ட்டு வந்த பழத்தையும் தின்னு பாத்தேன், போவாததையும் தின்னு பாத்தேன். ரெண்டும் ஒரே ருசிதான், ஒண்ணும் ஆவல. ஆனா ஒண்ணு. இந்த சாரு ஊரு பழத்தயெல்லாம் உள்ள வுட்டாரு, அவுரு தலைய ஒரு நாளும் வுடல. மொதல்ல அவுரு படுக்கட்டும்."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஆட்கள் கணக்கில் சேரமாட்டார்கள் என்றாலும், மிஷின் வந்த அன்றே நான் படுத்திருந்தேன். மிஷினை ஏற்றி வந்த டிரைவர் படுத்தார். மிஷினைப் பொருத்த வந்தவர்கூட ஒரு தரம் படுத்தார். சாருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு போன் வந்துவிடும்.

"ஏன் சார்?" என்றார் மேடம்.

"அடைச்ச எடம்னா எனக்கு ஆவாதுங்க மேடம்" என்றார் சார், காதில் விழாத குரலில். "லிஃப்ட்லகூட ஏற மாட்டேன். மூச்சு முட்டும்."

தலையை உள்ளே விடுகிற மிஷினுக்காக ஆறு வருஷம் உழைத்த மனிதர்! யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து நின்றார். சார் வண்டியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டார். கட்டிலில் படுக்கும்போதே சட்டை நனைந்திருந்தது.

குப்பம்மாக்கா கால்மாட்டில் உட்கார்ந்து அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். "நான் புடிச்சிக்கினு கீறேன் சாரு. கண்ண மூடிக்கோ. எங்கயும் போவ மாட்டேன்."

மிஷின் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. சாரின் உடம்பு கட்டிலோடு சேர்ந்து நடுங்கியது. நான் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "நிறுத்தாதம்மா" என்றார். முழு நேரமும் இருந்தார். படம் முடிந்து எழுந்து வந்தார். குப்பம்மாக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, தான் போய்ப் படுத்தாள். படுத்தவள் குறட்டை விட்டுத் தூங்கியே போனாள். அவள் படம் கண்ணாடியாக விழுந்தது. சாயங்காலத்துக்குள் வரிசையில் இருந்தவர்கள் பழங்களைச் சுவரோரம் வைத்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வண்டி காலியாகவே மலையிறங்கியது.

மிஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சார் இப்போது வேறொரு மலையில், வேறு ஏதோ பழத்தோடு. நான் வேலூரில்.

அன்றைக்கு எடுத்த அவர் படம் என் செல்போனில் இருக்கிறது. நடுங்கிய நடுக்கத்தில் எல்லாம் கலைந்து, எது மூளை எது எலும்பு என்றே தெரியாது. "ஆராய்ச்சிக்கு ஒதவாது, தூக்கிப் போடும்மா" என்றார். போடவில்லை. எந்த டாக்டரிடம் காட்டினாலும் வீணாய்ப்போன படம் என்பார்கள். எங்கள் சார் அதில் அவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறார்.