ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது

கூடத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு: மனைவி, அரிசி டிரம்மின் மேல். மாமியார், காதில் பஞ்சோடு கட்டிலில். மச்சினன், சாப்பாட்டு மேசைக்கு அடியில். குமாஸ்தா, வாசல் கதவுக்கு முதுகைக் கொடுத்தபடி தரையில், வாயில் ஆணிகளோடு.

அலுவலகத்தில் அவருக்குக் கடிதப் பிரிவு. ஆணி அடிக்கச் சொன்னால், சுத்தியலுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுத்தான் சுவரைப் பார்ப்பார் என்று மனைவி சொல்வாள். அவரும் மறுத்ததில்லை. ஆனால் இந்த முறை நிஜமாகவே அடித்திருந்தார். கோடைப்புயல் வருகிறது என்று முந்தைய நாள் அறிவிப்பு வந்திருந்தது.

போன கோடையில் அவர் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போக, புயல் உள்ளே வந்து குடித்தனம் நடத்திவிட்டுப் போனது. "இன்னொரு தரம் என் சுவர் நனைஞ்சா, சாவியைக் கையில கொடுத்துட்டுக் கிளம்பிடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மனைவியின் வேலையிடத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இன்னொரு வீடு விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

அதனால்தான் ஜன்னல்களில் அட்டை, அட்டைக்கு மேல் டேப், டேப்புக்கு மேல் மெத்தை.

"ஏங்க, உள்ள வேகுதுங்க."

"வேகட்டும். பறக்கலையே!"

"மாடித் தண்ணி போற ஓட்டையில சாக்கைத் திணிச்சீங்களே, எதுக்கு?"

"இலை விழுந்து அடைச்சுக்கும்ல?"

"அதுக்கு நீங்களே அடைச்சிட்டீங்களா?"

"இது முன்னெச்சரிக்கை அடைப்பு."

போன்கள் நனைந்துவிடக்கூடாதென்று பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்திருந்தார். கரண்ட் போவதற்குள் மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று மோட்டார் பொறுப்பை மச்சினனிடம் கொடுத்திருந்தார்.

"மோட்டார் என்னடா ஆச்சு?"

"அப்பவே போட்டாச்சு மாமா" என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

கடைசி ஆணியையும் கதவில் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் தகரக் கொட்டகையின் மேல் தடதடவென்று சத்தம் ஆரம்பித்தது.

"வந்துருச்சு மாப்பிள்ளை!" என்று பஞ்சையும் மீறி அலறினாள் மாமியார்.

"வரட்டும். ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது!"

சொல்லி வாயை மூடவில்லை, ஒரு சொட்டு அவருடைய வழுக்கையிலேயே விழுந்தது.

"பக்கெட்டை எடுங்க!"

"பக்கெட்டெல்லாம் பறந்துடாம பத்திரமா கட்டி வச்சிருக்கேன்."

"எங்க?"

"மாடியில."

குழம்புச் சட்டியை வைத்தார்கள். ஒழுகல் நகர்ந்து சுவரோரமாக இறங்கியது. சட்டையைக் கழற்றிச் சுவரில் வைத்து அழுத்தினார். அதுவும் ஊறியது. பிறகு தம் முதுகையே வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். ஒரு வீட்டைக் காக்கப் புறப்பட்டவன் கடைசியில் அதற்கு ஒத்தடம் கொடுக்கிறேனே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. வீட்டுக்காரர் ஈரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கடிதத்தைப் பார்த்துவிட்டால்? சுத்தியல் சதி செய்தாலும் பேனா கைவிட்டதில்லை. மின்னலுக்குப் பயந்து விளக்குகளை அணைத்திருந்ததால் டார்ச் வெளிச்சத்தில் எழுதினார்:

"பொருள்: கொடும்புயலிலிருந்து தங்கள் இல்லத்தைக் காத்தது தொடர்பாக. ஐயா, இதை எழுதும் இந்நேரத்திலும் வெளியே பேய்க்காற்றும் பெருமழையும் ஊரையே புரட்டிக்கொண்டிருக்கின்றன. சுவரில் காணப்படும் சிறு ஈரம் முழுக்க முழுக்க இயற்கையின் செயல்..."

கதவு படபடவென்று அதிர்ந்தது.

"காத்து கதவை உடைக்கப் பாக்குது! எல்லாரும் வந்து முட்டுக்கொடுங்க!"

நால்வரும் முட்டுக்கொடுத்தார்கள். மச்சினன் கதவில் காதை வைத்தான்.

"மாமா, காத்து 'சார், சார்'னு கூப்பிடுது."

"சார்! நான் வீட்டுக்கார ஐயாவோட டிரைவர்! கதவைத் திறங்க! மோட்..."

இந்தப் புயலிலும் ஆளனுப்பி விசாரிக்கிறாரே! குமாஸ்தா கதவைப் பார்த்துக் கும்பிட்டார். "திறக்க முடியாதுப்பா, ஆணி அடிச்சிருக்கு! நீ உசுரைப் பணயம் வச்சு வந்திருக்கே! இந்தக் கடிதத்தை ஐயா கையில சேர்த்துடு, போதும்!"

"சார், நான் சொல்றதை..."

"பேச நேரமில்லைப்பா!"

மிச்சமிருந்த ஜன்னல் டேப்பால் உறையை ஒட்டினார். கதவடியில் செருகியிருந்த துணியை உருவினார். கீழிடுக்கில் பளீரென்று வெள்ளை வெளிச்சம்.

"அப்பா, என்னா மின்னல்! அடிச்சா நிக்கவே மாட்டேங்குது!" என்றபடி கடிதத்தை வெளியே தள்ளினார். யாரோ உருவிக்கொண்டார்கள். உறை கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு காகிதத்தைப் பிரிக்கிற சத்தம்.

"சார்" என்றது டிரைவரின் குரல். "ஐயா இங்கயே நின்னு படிச்சிட்டாரு. வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது, புயல் எங்கன்னு கேக்கறாரு. முதல்ல அந்த மோட்டாரை நிறுத்துங்க, உங்க தொட்டி வழிஞ்சு தெருவே மிதக்குது!"